பௌர்ணமியன்று நிழல் எங்கே?

அக்டோபர் 24, வெள்ளி

'ஐஸ் கட்டியைக் கம்பளியில் சுற்றினால் சீக்கிரம் உருகுமா, மெதுவாகவா?' தீபாவளி லீவு முடிந்து எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதியது இன்னும் அழியாமல் இருக்கிறது. "பதில மட்டும் சொல்லிடுங்க சார்" என்று கெஞ்சுகிறார்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் எழுதிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால்தான் வீட்டில் போய்ச் சுற்றிப் பார்ப்பார்கள்.

இதற்காகத்தான் பழைய பள்ளியில் என்னிடமிருந்து பத்தாம் வகுப்பைப் பிடுங்கினார்கள். பெற்றோரைத் திரட்டித் தாளாளர் முன் நிறுத்தியவன், அங்கே என்னோடு வாத்தியாராக இருந்த வேணு. "சாருக்கு பதிலே தெரியாதுங்க, அதான் கேள்வியாவே ஓட்டறாரு." என் டிபன் பாக்ஸில் பங்கு போட்டுத் தின்றவன் சொன்னது. மறுவாரமே அந்த வகுப்பு அவனுக்கு. இன்று பஸ் ஸ்டாண்ட் பேனரில், நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளைகளுக்கு நடுவில் இளிக்கிறான்.

வேங்கிக்கால் அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். அவன் மாணவியும் வருகிறாள். நல்லது.

அக்டோபர் 30

கேள்வி தயாரிக்க வேண்டியிருக்கவே இல்லை. கண்காட்சியில் அவன் மாணவியின் அட்டையில் பெரிதாக: 'பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது.' வேணுவின் கையெழுத்தேதான். வயிறு குளிர்ந்துபோனது.

நூரைன் என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் தங்குதடையின்றி ஒப்பித்தாள். முடிக்கும்வரை காத்திருந்தேன். "பௌர்ணமி அன்னிக்கு சூரியன் ஒரு பக்கம், நிலா எதிர்ப்பக்கம், நடுவுல பூமி. நிழல் அன்னிக்குத்தானே விழணும்? ஊரே அன்னிக்கு முழு நிலாவ பாத்துக்கிட்டு மலைய சுத்துதே, எப்படி?"

அவள் திரும்பி அட்டையை மறுபடி படித்தாள். கூட்டம் சிரித்தது. நான் வேணுவைப் பார்த்தேன். அவன் தயங்கவே இல்லை. "பொண்ணு தப்பா எழுதிட்டு வந்துடுச்சு சார். நான் பாக்கல."

அவள் அவனையே பார்த்தாள். அழவில்லை.

சீ, என்ன ஆளுடா நீ! குறி வெச்சது உனக்கு. பட்டது அதுக்கு.

அக்டோபர் 31

கேள்வியை வைத்து நான் யாரையும் அடித்ததில்லை. நேற்றுவரை. அதையும் அவன் கணக்கில்தான் எழுதுவேன்.

நவம்பர் 1, சனி

நூரைனின் அப்பா ஜியாவுல்லாவின் மெத்தைக் கடைக்குப் போனேன்.

"நீங்கதானா சார் அது? பொண்ணு சரியா சாப்பிடல. வாத்தியாரே என்னை பொய்யாக்கிட்டாருங்குது. அப்படி என்னாதான் கேட்டீங்க?"

பஞ்சு மூட்டைக்குப் பின்னாலிருந்து அவளே வந்தாள். "பதில சொல்லுங்க சார். வேணு சாருகிட்ட சொல்லணும்."

நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இதையும் ஒப்பிப்பாள். "எலுமிச்சம்பழம் ஒண்ண பென்சில்ல குத்திக்கோ. வெயில் தாழும்போது மாடியில கைய நீட்டி புடிச்சுக்கிட்டு மெதுவா சுத்தி வா."

ஜியாவுல்லா சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல எலுமிச்சம்பழம் சாமியாருங்கதான் சார் குடுப்பாங்க."

நவம்பர் 3

மழை. வெயிலே இல்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 5, பௌர்ணமி

சாயங்காலம் நூரைன் போனில். "சார், சுத்த சுத்த வெயில் பட்ட பக்கம்தான் கொஞ்சங்கொஞ்சமா ஜாஸ்தியா தெரியுது. நிழலுக்கு இதுல வேலையே இல்ல. என் தலை நிழல்ல பழம் வந்தா மட்டும் மொத்தமா இருட்டாவுது. அதுதானே கிரகணம்?"

ஆமாம் என்று சொல்லவில்லை. "யாருக்குக் காட்டப்போற?" என்றேன். என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.

"கிளாஸ்ல. எல்லாருக்கும்."

நவம்பர் 7

வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை, போன். வேணு! இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"நூரைன் பழத்தோட வந்து நின்னு கேள்வி கேக்குது சார். அட்டையில எழுதனது நான்தான்னு பசங்க முன்னாடி ஒத்துக்க வெச்சிடுச்சு. திங்கக்கிழமை வெளக்கறேன்னு சொல்லி வந்துட்டேன். யூடியூப்லயும் பாத்துட்டேன், மண்டைல ஏறல." குரலைத் தாழ்த்தினான். "நிழல் இல்லன்னா எப்படித்தான் தேயுது? பதில மட்டும் சொல்லிடுங்க சார்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

"வீட்ல எலுமிச்சம்பழம் இருக்கா வேணு?" என்றேன்.