பள்ளிவாசல் கஞ்சியும் ஆப்கானிஸ்தானும்

அன்புள்ள மாப்ளே,

பேகம்பூரில் நோன்பு தொடங்கிவிட்டது. நெற்றித் திருநீறோடு வருடாவருடம் பள்ளிவாசல் கஞ்சி வாங்க வருகிற நீ, இந்த வருடம் தூக்குவாளியோடு வரவில்லை.

டீக்கடையில் வருடக்கணக்காகச் சண்டை போட்டவர்கள் நாம். "அமெரிக்காக்காரன் குண்டு போட்டா தீவிரவாதம் கூடத்தான் செய்யும்" என்பேன். "போடாம விட்டா நம்மூருக்கே வந்து நிக்கும் மாமா" என்பாய். அவர்கள் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறி, தாலிபான்கள் பெண்பிள்ளைகளின் பள்ளிகளை மூடியபோது, நீ சொன்னதிலும் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டேன்.

போன மாதம் ஒரு குண்டுவெடிப்புச் செய்தியை வாசித்துவிட்டு, "மொதல்ல நீ இதத் தப்புன்னு சொல்லு" என்றாய். அத்தனை பேர் இருந்த கடையில் என்னிடம் மட்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கஞ்சி எடுத்து வைத்திருக்கிறேன், வா. அமெரிக்காவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதை மட்டும் மறுபடி கேட்காதே. கேட்டால் தப்புதான் என்று சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகு உன்னை மாப்ளே என்று கூப்பிட வாய் வராது.

உன்,
மாமன்