மரு இல்லாத படம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டுக்கும் நலம்தான். அங்கே உன் உடம்பும் வேலையும் எப்படி என்று எழுது. தினம் போனில் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எப்படிப் பேசுவது? இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். முன்கதவு பின்கதவு இரண்டையும் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. என் முழங்கால் வலி மட்டும் போகிற மாதிரித் தெரியவில்லை. நீ வெளியில் வாங்கிச் சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே வருவது உனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் முன்னறையில் கம்ப்யூட்டரில் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவரின் போட்டோவில் முகத்தைத் தேய்த்துத் திருத்திக்கொண்டிருந்தேன். இருபது வயது குறைத்து, ஆயில் பெயிண்டிங் மாதிரி பண்ணித் தர வேண்டுமாம், வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு மாட்டப்போகிறாராம். அந்த மனுஷனின் தாடைச் சதையைக் கரைக்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசல் திறந்து கிடக்கிறது, அம்மாவைக் காணோம். மாடி, கொல்லை, பக்கத்து வீடு, எங்கும் இல்லை. உன் தாய்மாமாவுக்குப் போன் போட்டேன். அவன்தான், "அத்தான், பதறாதீங்க, அக்கா போட்டோ ஒண்ணு பிரிண்ட் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க, நானும் வந்து தேடுறேன்" என்றான்.

போட்டோவுக்கா நம் வீட்டில் பஞ்சம்? ஆனால் நீ ஐந்தாவது படிக்கும்போது, கன்னத்தில் விழுந்த கரும்புள்ளிகளைப் படத்தில் பார்த்துவிட்டு அம்மா ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தாள். அன்றைக்கு நான் அதை அழித்துக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அதிலிருந்து அவள் கேட்க வேண்டியதே இல்லை, நானே செய்துவிடுவேன். இந்த வீட்டில் எடுத்த ஒரு படமும் என் கை படாமல் தப்பியதில்லை, கை பட்டதும் அசலையும் அழித்துவிடுவேன். வருஷா வருஷம் நரையைக் கறுப்பாக்கினேன், கழுத்துச் சுருக்கத்தை எடுத்தேன், பின்னால் பொன்னிற வெளிச்சம் வைத்தேன். இருப்பதிலேயே புதிய படத்தைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். அதில் உன் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட மதிக்க முடியாது.

பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "இந்தப் பொண்ணு இந்தப் பக்கம் வரலைங்களே. உங்க மகளா?" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் அதைவிடக் கூத்து. அடையாளம் சொல்லுங்கள் என்றார்கள். இடது கன்னத்தில் மரு என்றேன். அந்தப் போலீஸ்காரர் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க சார் மரு? ஆளைத் தேடச் சொன்னா ஓவியத்தைக் கொண்டாந்து நீட்டுறீங்களே!" என்றார். அந்த மருவை அழித்தவனே நான்தானே. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மாமா கண்டுபிடித்தான். எங்கே தெரியுமா? அதே டீக்கடையில், பின்பக்கத் தட்டிக்கு அந்தப் புறம் பெஞ்சில். அந்தக் கடைக்காரரே டீயும் பன்னும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். நான் படத்தை நீட்டியபோது அம்மா பத்தடியில்தான் இருந்திருக்கிறாள். பாவம், அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க காட்டுனது வேற ஆளுங்க, இந்தம்மா வயசானவங்க, நான் எப்படிங்க கண்டேன்?" என்று மாய்ந்து போனார். அவர் மேல் என்ன தப்பு? அம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கோபித்துக்கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மாவின் மறதிக்கு மருந்து தரும் டாக்டர் ஒரே ஒரு யோசனை சொன்னார். போட்டோ, பெயர், போன் நம்பர் போட்ட அட்டை ஒன்று எப்போதும் கழுத்தில் இருக்கட்டும் என்றார். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். தலையைச் சீவிக்கொண்டு வந்து, "வழக்கம்போல நல்லா பண்ணிடுங்க" என்றாள். கம்ப்யூட்டரில் போட்டதும் என் கை தானாகக் கண்ணோரச் சுருக்கத்துக்குப் போயிற்று. இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளது உள்ளபடி அச்செடுத்தேன். மாட்டிவிடப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யாரு இந்தக் கிழவி? கண்டவங்க படத்தை எல்லாம் என் கழுத்துல மாட்டுவீங்களா?" என்று கேட்டாள். அதே முகத்தோடு மறுபடி ஒன்று செய்தேன், அதைக் கத்தரியால் துண்டு துண்டாக்கிவிட்டாள். சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி, அதோ நான் இருக்கிறேனே, அதைப் போடுங்கள் என்கிறாள். மாமாவும், "நம்பர் இருந்தாப் போதும், விடுங்க அத்தான்" என்றான். சரி என்று சுவர்ப் படத்தையே சிறிதாக்கிப் போட்டேன். சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை நான் குளிக்கப் போன நேரத்தில் பின்கதவு வழியாகப் போய்விட்டாள். துவட்டிக்கொண்டு வருகிறேன், போன் அடிக்கிறது. மருந்துக்கடைப் பெண் பேசினாள். "சார், உங்க பொண்ணு கார்டைத் தொலைச்சிட்டாங்க போல. யாரோ ஒரு வயசானம்மா எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டுச் சுத்துறாங்க. நான் வாங்கி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்குங்க" என்றாள். அந்த அம்மா எங்கே என்று அலறினேன். "அவங்களை அனுப்பிட்டேனே சார்" என்றாள். ஈரத் தலையோடு, இந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு தெரு தள்ளி, யாரிடமோ தன் பிறந்த வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த வீடு இடிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது சொல், நான் எந்தப் படத்தைப் போடுவது? உள்ளதைப் போட்டால் அவளுக்கு ஆகவில்லை, அவளுக்குப் பிடித்ததைப் போட்டால் ஊருக்கு அவளைத் தெரியவில்லை. படமே இல்லாமல் நம்பர் மட்டும் போட்டுப் பார்த்தேன், வெறும் அட்டை எனக்கு எதற்கு என்று கழற்றி எறிகிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை பாப்பா. உன்னை வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை, உன் வேலை அப்படி. யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல் இருந்தது, உனக்கு எழுதிவிட்டேன்.

நேற்று அம்மா உன்னைக் கேட்டாள். போன மாதம் நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று திரையைத் தடவிக் கொடுத்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் இதே வேலை செய்தவனுக்குத் தெரியாதா? கண்ணுக்குக் கீழே துடைத்திருக்கிறது, ஒட்டிய கன்னத்தை நிரப்பியிருக்கிறது. போன் தானாகச் செய்ததோ, நீயே செய்தாயோ, எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பு அனுப்பியவற்றையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷமாக வந்த அத்தனையும் அப்படித்தான் இருக்கின்றன. தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, அழுகிறாயா, அந்தப் படங்களில் ஒன்றும் தெரியவில்லை. அத்தனை பெரிய ஊரில் நீ பத்தடியில் நின்றால்கூட நான் வேறு யாரோ என்று தாண்டிப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நீ நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் ஆசியையும் சேர்த்து நானே எழுதுகிறேன். கதவு ஜன்னலைப் பார்த்துப் பூட்டு, நேரத்துக்குத் தூங்கு. மறக்காமல் ஒரு படம் அனுப்பு. காலையில் எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், எப்படி இருக்கிறாயோ அப்படியே எடுத்து அனுப்பு. நான் அதில் கை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா