பாதி மட்டும் தெரிந்த பெயர்

இயேசு மரி சூசை

திண்டிவனம்
12.6.2014

அன்பு நண்பன் அந்தோணி பிரபுவுக்கு ஸ்டீபன்ராஜ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. அங்கே கம்பெனித் தொழிலாளர் முகாமில் உங்கள் போன்களை வாங்கிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் காகிதத்தில் எழுதி, சனிக்கிழமை அங்கு வர விமானம் ஏறும் இருதயராஜிடம் வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துக் கொடுக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ அனுப்பிய வீடியோ என்னிடம் இல்லை. நான்தான் அழித்தேன்.

நீ நெட்டில் ஏற்றுவதை இறக்க என் கடைக் கம்ப்யூட்டரில் ஓடும் டவுன்லோடு மென்பொருளை ஓர் இணையப் பக்கம் வழியாக எங்கிருந்தும் பார்க்கலாம், அழிக்கலாம். போனில் திறந்தால் அந்தப் பக்கத்தில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். அதற்காகவே ஒரு மாதம் உட்கார்ந்து, திரையின் அகலத்துக்குத் தக்கபடி தானே ஒடுங்கிக்கொள்ளும் தீம் ஒன்றை, அதாவது பக்கத்துக்குப் புதுத் தோற்றம் ஒன்றை, எழுதினேன். ஓடுவது பச்சை, நிற்பது ஊதா, முடிந்தது வெள்ளை. காலத்துக்கு ஒரு நிறம் மாறும் சாமியாரின் பூசை உடுப்பா என்று நீகூடக் கேலி செய்தாய். நீளமான பெயர் இடத்தை அடைக்காதபடி முதல் சில எழுத்துகளோடு வெட்டி மூன்று புள்ளி வைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

திங்கட்கிழமை அமலோற்பவமேரி அக்காவோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். அவர் வீட்டுக்காரர் மரியஅந்தோணி அண்ணன் குடித்துவிட்டுக் கட்டடச் சாரத்தில் ஏறி விழுந்து செத்தார் என்று உங்கள் கம்பெனி எழுதி அனுப்பிய தாள் அக்காவின் மடியில் இருந்தது. சாராய வாடையே ஆகாத மனிதர். சாரம் தானாகச் சரிந்தது வீடியோவில் இருக்கிறது, காட்டினால் போதும் என்று வழியெல்லாம் தைரியம் சொன்னேன். பஸ்ஸில் போனைத் திறந்தால், கம்ப்யூட்டரில் இடம் நிறைந்து டவுன்லோடு நின்றிருந்தது. இரண்டு வரி. இரண்டிலும் 'இயேசு மரி சூசை...' என்றுதான் தெரிந்தது. ஒன்று வெள்ளை, ஒன்று ஊதா. கடிதத்தின் தலையில் எழுதுவதை வீடியோ பெயரிலும் எழுதுகிற ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். ஒன்றையே இரண்டு முறை ஏற்றிவிட்டாய், ஒன்று முழுதாக வந்துவிட்டது என்று நினைத்தேன். பாதியில் நின்றதை அங்கேயே அழித்துவிட்டு, வெள்ளையைப் போனில் இறக்கிக்கொண்டேன்.

அதிகாரியின் மேசையில் போனை வைத்து ஓடவிட்டேன். முகாம் அறையில் நீங்கள் எல்லோரும் முழங்காலில் நின்று அண்ணனுக்காகச் செபமாலை சொல்கிறீர்கள். "இது எதுக்குப்பா?" என்றார் அதிகாரி. அக்கா மட்டும் கடைசி வரை பார்த்தார். அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு ஓடி மறுபடி இறக்கப் பார்த்தேன். நெட்டில் மூன்று நாள்தான் வைத்திருப்பேன் என்று நீ சொன்னபடியே எடுத்துவிட்டிருந்தாய்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலைப் பூசை முடிந்ததும் கடை வாசலில் வந்து நிற்கிறார். "வந்துச்சா தம்பி?" என்கிறார். "வந்துக்கினே இருக்குதுக்கா" என்கிறேன். குடிகாரன் மகள் என்று யாரோ சொன்னதால் பெரிய பெண் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாளாம்.

அந்தத் தீம் நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது எத்தனை நீளப் பெயரும் மடங்கி அடுத்த வரியில் முழுதாகத் தெரியும். கம்ப்யூட்டரில் இருந்த சினிமாக்களை எல்லாம் அழித்து இடம் காலி செய்திருக்கிறேன்.

அந்த வீடியோ உன்னிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. மறுபடி ஏற்றி நீ மாட்டிக்கொண்டால் உன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆபத்து என்றால் வேண்டாம். உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருக்காது. இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு வரை அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வராவிட்டால், பூசை முடிந்து வரும்போது அழித்தவன் நான்தான் என்று அக்காவிடம் சொல்லிவிடுவேன்.

இயேசுவும் மரியும் சூசையும் உன்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும். வேலைக்கு ஏறுமுன் சாரத்தை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்துவிட்டு ஏறு.

உன் நண்பன்,
ஸ்டீபன்ராஜ்