ஓர்லியில் இறங்காத விமானம்

லா ஷபெல், பாரிஸ்
3.11.1986

அன்புள்ள புனிதவதிக்கு,

நான் சுகம். நீரும் கொழும்பில் உம்முடைய அண்ணர் இராஜேந்திரன் வீட்டில் சுகமாய் இருப்பீர் என நம்புகிறேன். இத்துடன் டிக்கெற் வருகிறது. இது மலிவுக் கொம்பனி. நேரே வராது, நடுவிலே ஒரு ஊரில் இறக்கி வேறு விமானத்தில் ஏற்றுவார்கள். சாப்பாட்டை நம்பவேண்டாம், பாண் கட்டிக்கொண்டு வாரும். பாஸ்போட்டைக் கைப்பையில் வையும். ஒருவரோடும் கனக்கக் கதைக்க வேண்டாம். ஓர்லி விமான நிலைய வாசலில் நான் நிற்பேன். நீர் பார்த்த போட்டோவை விட மெலிந்துவிட்டேன். பதிவுக் கலியாண எழுத்து முடியும்வரை நீர் தங்குவது கடைக்காரத் தவரத்தினம் அண்ணை வீட்டில். கடை போன் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது. பத்திரம்.

இராஜதுரை


ஆர்ஜொந்தெய்
22.11.1986

மதிப்பிற்குரிய இராஜதுரை அவர்களுக்கு,

நான் உயிரோடு, சுகமாய் இருக்கிறேன். இந்த நாட்டுக்குள்தான் இருக்கிறேன்.

நடுவிலே இறக்கின ஊரில் மற்ற விமானம் வரவில்லை. பகல் முழுதும் வாங்கிலில் குந்தியிருந்தோம். கேட்டால், “பொறுங்கள்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அடுத்த நாள் ஏற்றினார்கள். பாரிசில் பனிமூட்டமாம், லீல் என்ற ஊரில் இறக்கி, பஸ்ஸில் கொண்டுவந்து பொழுதுபடத் தெருவில் விட்டார்கள். என் பெட்டி வரவேயில்லை. உங்கள் கடை போன் நம்பர் அதற்குள். முகவரி மட்டும் மனப்பாடம்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்த ரோசாலி அக்கா பாண்டிச்சேரிக்காரி, புருஷன் இல்லாதவ. “தனியா இங்க நிக்காதம்மா, எங்க வீட்டுக்கு வா” என்று கூட்டிவந்தா. அவவின் கோட்டைத்தான் போட்டிருக்கிறேன். தயவுசெய்து உடனே ஓடிவர வேண்டாம். ஒரு பதில் போடுங்கள்.

வே. புனிதவதி


லா ஷபெல்
24.11.1986

அன்புள்ள புனிதவதிக்கு,

கடிதத்தைப் படிக்கட்டிலேயே நின்று வாசித்தேன். தவரத்தினம் அண்ணையின் காரை வாங்கிக்கொண்டு இரண்டு நாளும் ஓர்லிக்குப் போனேன். முதலில் தாமதம் என்று பலகையில் போட்டார்கள். பிறகு விமானத்தின் பெயரையே எடுத்துவிட்டார்கள். கொம்பனி மேசையில் ஆளில்லை. உம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உம்முடைய அண்ணருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது தந்தி அடித்தாயிற்று.

ஆர்ஜொந்தெய் இஞ்சையிருந்து கிட்டத்தான். கோட்டை மாட்டினேன், பிறகு கழற்றினேன். நீர் வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர். ஏனென்று விளங்கவில்லை. என்னில் ஏதும் பிழையா? அந்த மலிவு டிக்கெற்றாலா? பஸ் உங்களை எந்தத் தெருவில் விட்டது?

இராஜதுரை


ஆர்ஜொந்தெய்
26.11.1986

இராஜதுரை அவர்களுக்கு,

கேட்டபடியால் உண்மையை எழுதுகிறேன். பஸ் விட்ட இடத்தில் ‘போர்த் த லா ஷபெல்’ என்று பலகை இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். உங்கள் இடம் பக்கத்தில் என்று தெரிந்தும் ரோசாலி அக்காவோடு போனேன்.

நீங்கள் எழுதின கடிதங்கள் பெட்டியோடு போனாலும் எல்லாம் நினைவில் இருக்கின்றன. டிக்கெற், விசா, முத்திரை. ஒன்றில்கூட நான் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதுவும் சரிதான். அந்த வாங்கிலில் சனம் குளிரில் நடுங்கியபோது, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் மேசைக்காரனோடு சண்டை பிடித்து எல்லாருக்கும் கம்பளி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு இப்படிக் கதைக்க வரும் என்று எனக்கே தெரியாது. அதைப் பார்த்த பணிப்பெண், விமானம் ஏறினதும் முன்னுக்கு யன்னலோரத்தில் இருக்க விட்டா. மேகத்துக்கு மேலே சூரியன் எழும்பினதைப் பார்த்தேன். எனக்குள்ளே நான் கண்ட அந்தப் புது மனுஷியைத் தெரு வாசலிலேயே விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்குள் வரவேண்டுமோ என்று பயம் பிடித்தது.

ஞாயிறு காலை சென் தெனிச் சந்தைக்கு அக்காவோடு வருவேன். தேவாலயப் பக்க வாசலில் நில்லுங்கள்.

புனிதவதி


27.11.1986

வருவேன். தனியத்தான் வருவேன்.

இராஜதுரை


ஆர்ஜொந்தெய்
2.12.1986

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிறு நீங்கள் என்னைக் காண முதலே நான் உங்களைக் கண்டுவிட்டேன். தோடம்பழக் கடைக்குப் பின்னால் கனநேரம் நின்று பார்த்தேன். வருகிற பெண்கள் எல்லாரையும் பார்த்துப் பார்த்துக் குனிந்தீர்கள். அக்கா, “பாவம்மா, போய்ப் பேசு” என்று முதுகில் தள்ளினா.

கிட்ட வந்த பிறகும் பஸ் நம்பர்களைப் பற்றித்தான் கதைத்தீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, திரும்பிப் போய்விடலாமா என்றும் இருந்தது. பிறகு, “நீர் வராமல் விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பன் எண்டு தெரியேல்லை, எனக்கும் பயம்தான்” என்றீர்கள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அதிலேதான் பயம் விட்டது. கம்பளிச் சண்டையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். “அவன் என்ன சொன்னவன்? நீர் என்ன சொன்னீர்?” என்று இடையிலே வேறு கேட்டீர்கள். வீட்டிலே ஒருவரும் என் கதையை அப்படிக் கேட்டதில்லை.

சனிக்கிழமை லா ஷபெலுக்கு வருகிறேன். கலியாண எழுத்துக்கு நாள் குறிப்பதை அங்கை இருந்து கதைப்போம். கூட்டிப்போக வரவேண்டாம். சென் லசாருக்கு ரயில், பிறகு மெத்ரோ. மாறுகிற இடத்தில் கேட்டுக்கொள்வேன். சுணங்கினால் பயப்படாமல் நில்லுங்கள். பிழையான வழியில் போனாலும் வந்து சேருவேன்.

உங்கள்
புனிதம்