கதிரைக்கு அடியில் ஒரு சுவிட்ச்

அன்பின் தர்மினிக்கு,

நீரும் மாமியும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகமே.

தெல்தெனியவில் எங்கள் கராஜ் ஹபீல் முதலாளியின் மகன், புல்வெட்டும் வண்டியைப் பந்தயத்துக்கு மாற்றச் சொன்னான். வேகக்கட்டுப்பாட்டைக் கழற்றினால் எஞ்சின் வெடித்துச் சிதறும் என்று அதை மட்டும் மறுத்துவிட்டேன். ஓட்டுபவர் விழுந்து கதிரையில் பாரம் இல்லாமற்போனால் எஞ்சின் நிற்கும்படி, அடியில் சுவிட்ச் வைத்து வயரை மாற்றினேன். முதலாளி ஏறியிருந்தார், ஓடியது. நான் ஏறியிருந்தேன், நின்றுவிட்டது.

"தம்பி, நீங்க இரிக்கிறது அதுக்கு வெளங்கல்லயே!" என்று முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கம், வேறொன்றுமில்லை.

கூழ் காய்ச்ச ஒடியல்மா அனுப்பும். காற்சட்டைகளை இடுப்பில் ஒடுக்கித் தைக்க ஊசியும் நூலும் வையும்.

முதலாளி கூப்பிடுகிறார். பதில் போடும், நான் இருக்கிறது உமக்காவது விளங்குகிறதா என்று பார்ப்போம்.

அன்புடன்,
நிரூபன்