இடது கண்ணில் சந்தனம்

பதிவு 212. அக்டோபர் 3, 2041. காலை 6.40. வேகம் 0.

இந்தக் கறுப்புப் பெட்டியைத் திறப்பவருக்கு: நான் இந்தக் காரின் பின்பக்க நிலைப்படுத்தி. இதில் என்னால் எழுத முடியும், திரும்பப் படிக்க முடியாது. ஆகவே சொன்னதையே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காரின் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் கட்டியவை அல்ல. தனித்தனி சஸ்பென்ஷன். இடது பள்ளத்தில் இறங்கினால் வலதுக்குத் தெரியாது. தொள்ளாயிரம் குதிரைத்திறன் மொத்தமாக வந்து விழும்போது இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்க்கும். அதை விடாமல் பிடிப்பது என் வேலை. சக்கரத்துக்கு ஒரு லேசர் கண், ஒரு மோட்டார். நொடிக்கு ஆயிரம் முறை உயரம் பார்க்கிறேன், திருத்துகிறேன். யாரும் பாராட்டுவதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன், நன்றாகத்தான் செய்கிறேன்.

காரைக் கட்டியவர் நாச்சிமுத்து. கோயம்புத்தூருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கிறார். ஓட்டுபவள் பூங்கோதை. இருக்கையில் 52 கிலோ அமர்ந்தால் அவள்தான். சோதனை நடப்பது கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில். பன்னிரண்டாம் தேதி முழு வேகம், மணிக்கு 300.

இடது 112.0 மி.மீ. வலது 112.0. கோளாறு இல்லை.

பதிவு 213. அக்டோபர் 4. காலை 10.20. வேகம் 0.

ஆயுத பூஜை. ஓட்டம் கிடையாது. மைக்கில் கேட்டது:

"லேத்துக்கு வெச்சாச்சு, ஸ்பேனருக்கு வெச்சாச்சு. காருக்கு முன்னாடி மட்டும் பொட்டு வெச்சாப் போதுங்களாண்ணா?"

"அதெப்படி அம்மிணி? உன்ற உசுரப் புடிச்சிருக்கறதே பின்னாடி இருக்கற கண்ணுதான். அதுக்கு நானே வெக்கறேன்."

உயிரைப் பிடித்திருப்பது நானாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வலது கண் சைலன்சருக்குப் பின்னால் இருப்பதால் அவர் கைக்கு எட்டவில்லை. 10.14க்கு இடது 112.0இலிருந்து 106.0 ஆனது. கார் அசையவே இல்லை. பெருமையில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவு 215. அக்டோபர் 6. காலை 7.50. வேகம் 180 வரை.

இடது ஆறு மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதாகக் கண் சொன்னது. அதற்கேற்ப இடது சக்கரத்தை உள்பக்கம் திருப்பினேன்.

"ஒரு பக்கமா இழுக்குதுங்ணா."

"வா அம்மிணி, அலைன்மென்ட் ராடக் கொஞ்சம் திருப்பிப்போடலாம்."

சக்கரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அமைக்கும் கம்பி அது. இடது ராடில் இரண்டு சுற்று, வெளிப்பக்கமாக. அதன்பின் கார் நேராகப் போனது.

பதிவு 218. அக்டோபர் 8. காலை 9.05. வேகம் 220 வரை.

கார் நின்றபின் பார்த்தால் இடது அளவு நகர்ந்திருக்கிறது. 106.0. 106.1. 106.3. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கொஞ்சம். இருநூறைத் தாண்டினால்தான் நகர்கிறது. காற்றில் ஏதோ உதிர்கிறது.

இப்போது புரிகிறது. கண்ணில் இருப்பது சந்தனம். நான் நான்கு நாளாகப் பொய்யை நம்பிச் சக்கரத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். அவர் அந்தத் தவறுக்கு எதிராக ராடைத் திருப்பியிருக்கிறார். இரண்டு தவறும் சேர்ந்து நேராக ஓடுகிறது. பட்டறையில் துடைத்தால் பாதகமில்லை, ராடை மறுபடி சரிசெய்துகொள்ளலாம். 250இல் போகும்போது பொட்டு மொத்தமாகப் பெயர்ந்தால் என் திருத்தம் அந்த நொடியே விலகும். அவருடைய இரண்டு சுற்று மட்டும் நிற்கும். சக்கரம் வெளியே திரும்பும், கார் சுழலும். உள்ளே அவள் இருப்பாள்.

கண்ணை ஏதோ மறைக்கிறது என்பதற்கான கோளாறு எண் 31ஐ அனுப்பினேன். டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது. இருவரும் காருக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள்.

"சந்தனம் காஞ்சு ஒட்டியிருக்குங்ணா. தொடச்சுறட்டுங்களா?"

"சாமிக்கு வெச்சத ஆராச்சும் தொடைப்பாங்களா? அதா உதுந்தா உதுரட்டும். ராடத் திருப்புனதுக்கப்பறம் கம்பியாட்டப் போவுது. லைட்ட அமத்திப்போடு."

அணைத்தாள். எரியவிட்டேன். அணைத்தாள். நான்கு முறை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஒரு விளக்கைத் தவிர எனக்கு வாய் கிடையாது.

பதிவு 221. அக்டோபர் 10. காலை 11.04. வேகம் 252 வரை.

11.02.17.306 – இடது 106.4.
11.02.17.307 – பொட்டு பெயர்ந்தது. கண் இப்போது உண்மையைச் சொல்கிறது.

கண் சொல்வதை நம்ப வேண்டும் என்பது எனக்கு எழுதிய விதி. நம்பவில்லை. 106.4 என்றே பிடித்துக்கொண்டேன். சக்கரம் நகரவில்லை.

"ஒரு ஆட்டமில்லீங்ணா! வழுக்கிட்டுப் போவுது!"

"பாத்தியா? சாமி இருக்குது அம்மிணி."

நான் பயந்துபோயிருந்தேன். இன்னும் பயம் போகவில்லை. இந்தப் பொய்யான எண் என் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அது இருக்கும்வரை அவள் நேராகப் போவாள். 31ஐ அணையவிடாமல் எரியவிட்டிருக்கிறேன்.

பதிவு 224. அக்டோபர் 12. காலை 7.05. வேகம் 0.

"பொட்டு உதுந்துருச்சுங்ணா. லைட்டு மட்டும் அணைய மாட்டீங்குது."

"கண்ணு ரெண்டும் சரியாத்தான காட்டுது? கம்ப்யூட்டருதான் பழசையே புடிச்சுத் தொங்கிட்டிருக்குது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்தீரலாம். இன்னைக்கு முந்நூறு போறே, மனசுல சங்கடம் எதுக்கு?"

வேண்டாம். விளக்கை வேகமாகச் சிமிட்டுகிறேன். 31. 31. 31.

"பாரு, பைத்தியம் புடிச்சாப்ல சிமிட்டுது."

கேபிளைச் செருகிவிட்டார்.

திறப்பவருக்கு: இடது ராடு. இரண்டு சுற்று. திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். பூங்கோதையிடம் சொல்லுங்கள், அவள் காது கொடுப்பாள், துடைக்கட்டுமா என்று கேட்டவள் அவள்தான். இடது ராடு. இரண்டு சுற்று. இடது ரா

பதிவு 1. அக்டோபர் 12, 2041. காலை 7.26. வேகம் 0.

இந்தக் கறுப்புப் பெட்டியைத் திறப்பவருக்கு: நான் இந்தக் காரின் பின்பக்க நிலைப்படுத்தி. இது என் முதல் பதிவு. இடது 112.0 மி.மீ. வலது 112.0. விளக்கு எதுவும் எரியவில்லை.

ஒருவர் வந்து அமர்கிறார். எடை 52 கிலோ. இவரைப் பற்றி எனக்கு இன்னும் எதுவும் தெரியாது.

7.31. வேகம் 90.

"லேசா வாலாட்டுதுங்ணா."

"டயரு சூடாகலீம்மிணி. மிதி, சரியாப்போயிரும்."

7.32. வேகம் 180. இடது சரி. வலது சரி.

7.33. வேகம் 255. இடது சரி. வலது சரி. கோளாறு இல்