சின்னப் பாலம் அடைத்திருக்கிறது

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லத் தங்கை எழுதுவது.

இன்று காலை மரவாடிக்கு வேலைக்குப் போகும்போது ஓடையின் சின்னப் பாலத்தில் கால் குளிரவில்லை. எப்போதும் அடியிலிருந்து குளிர்ந்த காற்று ஏறும், இன்று இல்லை. எடுத்த எடுப்பிலேயே பாலத்தை எழுதாதே, முதலில் நலம் கேள் என்று அம்மா தலையில் குட்டுகிறாள், அதனால் கேட்கிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். மூன்று நாளாக மழை விடவில்லை, போனும் செத்துவிட்டது. மரவாடி லாரி மத்தியானம் உன் ஊருக்குக் கிளம்புகிறது, நாளைக் காலையில் இந்தக் கடிதத்தை உன் ஆபீஸிலேயே கொடுத்துவிடுவதாக டிரைவர் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

காற்று ஏன் வரவில்லை என்று தண்ணீர் வரும் பக்கமாக இறங்கிப் பார்த்தேன். ஓடைக்கரையில் மரவாடிக்காரர்கள் அடுக்கியிருந்த கட்டைகளில் பதினொன்றை வெள்ளம் இழுத்துவந்து பாலத்தின் வாயில் குறுக்கே செருகிவிட்டது. வாய் ஆறடி அகலம், கட்டை ஒவ்வொன்றும் பன்னிரண்டடி, நான்தானே டேப் பிடித்து அளந்து எண் போட்டவள். இடுக்கெல்லாம் கல்லும் சேறும் இறுகிக் கிடக்கிறது. பாதித் தண்ணீர்தான் அடியில் போகிறது, மீதி பின்னால் தேங்குகிறது, நான் நின்ற நேரத்துக்குள்ளேயே ஒரு சாண் ஏறியது.

மலையிலிருந்து சேறும் பாறையும் வெள்ளமும் சேர்ந்து இறங்கினால் எந்தப் பக்கம் போகும் என்று நீ கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துப் போட்ட வரைபடத்தை அப்பா பீரோக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். அதில் சிவப்பாக இருக்கும் ஓடையோர வீடுகள் நேற்றே காலியாகிவிட்டன. நம் வரிசை நான்கு வீடும் பச்சை, அதனால் பதினேழு பேரில் ஒருவரும் அசையவில்லை. போன தடவை வந்தபோது நீயே சொன்னாய், நாம கொடுக்கறதைத்தான் கம்ப்யூட்டர் நம்பும் என்று. நீ ஓடையை அளந்த வருஷம் அங்கே மரவாடியே இல்லை, பாலம் திறந்திருப்பதாகத்தான் கொடுத்திருப்பாய். அடைத்துக்கொண்டால் அத்தனையும் ரோட்டில் ஏறி, சரிவு பார்த்து நம் வரிசைக்குத்தான் திரும்பும் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்காவைக் குத்தம் சொல்ற மாதிரி எழுதாதடி என்கிறாள் அம்மா. குற்றம் சொல்லவில்லை அக்கா, பயமாக இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். அவ படிச்ச படிப்பென்ன, நீ எட்டாவதோட நின்னவ, கட்டைய அளக்கறதோட நிறுத்திக்கோ என்றார். மரவாடி முதலாளி, மழை விடட்டும், கிரேனுக்குச் சொல்லியிருக்கேன் என்றுவிட்டார். அம்மா மட்டும் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். இப்போது துணிகளை மூட்டை கட்டிக்கொண்டே இதைச் சொல்கிறாள். இருபத்தெட்டு வருஷமா உங்கப்பா என் பேச்சையா கேட்டாரு, பெரியவ எழுதினாத்தான் எந்திரிப்பாரு என்கிறாள். அதனால் பாலம் அடைத்திருப்பதாக வைத்து இன்னொரு தடவை ஓட்டிப் பார். வந்த முடிவை உன் கையெழுத்தில் அப்பாவுக்கு இரண்டு வரி எழுதி டிரைவர் அண்ணனிடமே கொடுத்தனுப்பு. அவர் திரும்ப நாளை மறுநாள் ஆகும், அதுவரை பாலம் தாங்குமா தெரியவில்லை.

கண் எரிய எரியத் திரையைப் பார்க்காதே, வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே என்கிறாள் அம்மா. நீ நல்லா இருக்கணும், உன் கை தொட்டதெல்லாம் விளங்கணும் என்றும் சொல்கிறாள், சொன்னபடியே எழுதிவிட்டேன். அப்பாவுக்கு இரண்டு வரி, மறந்துவிடாதே.

அம்மாவின் ஆசியோடு,
அவள் சொல்ல எழுதிய உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் பக்கத்து வீட்டுக்குப் போனேன். தையல்காரர் மகள் ஒன்பது நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள். கதவோரமே நின்று பதினொரு கட்டையையும் ஆறடி வாயையும் சொன்னேன். அவள் பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருவரையும் விட்டுவிட்டு வந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.